குதிரைக்குப் பைத்தியமா, நமக்கா?

"அது ரேஸ் குதிரைங்க, அப்படித்தான் ஓடும். மண்டை கெட்டுப் போயிருக்கும்."

குதிரையேற்றம் கத்துக்கப் போற இடத்துல இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. நானும் ஆறு மாசம் இதையே சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். அதனால கொஞ்சம் உரிமையோடவே திட்டப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

நம்ம ஊர் ரைடிங் ஸ்கூல்கள்ல நிக்கிற குதிரைகள்ல நிறைய, ரேஸ்ல இருந்து வெளிய வந்த தரோபிரெட்தான். ரெண்டு வயசுல ஓட ஆரம்பிக்கும். அஞ்சாறு வயசுல "இனி ஜெயிக்காது"ன்னு அனுப்பிடுவாங்க. இருபத்தஞ்சு வயசு வரைக்கும்கூட வாழற பிராணி. மிச்ச காலத்துக்கு அதுக்கு வேற வேலை வேணும். அங்கேயும் 'சரிப்படாது'ன்னு பேர் வாங்கினா, கை மாறிக் கை மாறி எங்க போய்ச் சேரும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

சரி, அது ரேஸ்ல என்ன கத்துக்கிட்டு வருது? ஜாக்கி சேணத்துல உட்கார்றதே இல்லை. அங்கவடியைக் குட்டையா வெச்சு, அதுல நின்னு, முதுகுக்கு மேல மிதக்கிறார். 1890களின் கடைசியில் டாட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜாக்கி இங்கிலாந்தில் பிரபலமாக்கிய பாணி இது. இந்தப் பாணி பரவின காலத்துல பந்தய நேரமே 5 முதல் 7 சதவீதம் குறைஞ்சதுன்னு 2009ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. மேல இருக்கிறவன் குதிரையோட ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சேர்ந்து ஆடாம இருந்தாலே அதுக்கு அவ்வளவு சுமை குறையுது!

இன்னொண்ணு. ஜாக்கி லகானைக் குறுக்கிப் பிடிச்சா குதிரை அதுல சாய்ஞ்சு இன்னும் வேகம் எடுக்கும். லகான் இறுகறதுன்னா அதுக்கு 'போ'ன்னு அர்த்தம். விலாவுல கால் படறதெல்லாம் அதுக்கு அதிகம் பழக்கமே கிடையாது.

இப்ப நாம ஏறுறோம். பொத்துன்னு உட்கார்ந்து, பயத்துல லகானை இழுத்து, குதிகாலால விலாவைக் கவ்விக்கிறோம். அது காதுல "ஓடு, ஓடு"ன்னுதான் விழுது. ஓடுது. இழுக்கிறோம். இன்னும் ஓடுது. உடனே தீர்ப்பு: பைத்தியம்!

அதுக்கு வைத்தியம் என்ன தெரியுமா? வாய்க்கு இன்னும் கடுமையான கடிவாளம். வலி தாங்காம தலையைத் தூக்கும், முதுகைக் குழிக்கும், நாம இன்னும் குலுங்குவோம். ஒரு பக்கம் ரேஸ்ல போட்ட மாதிரியே ஓட்ஸும் கொள்ளும் கொட்டிட்டு, நாள் முழுக்க லாயத்துல அடைச்சு வெச்சிருப்போம். புல்லும் காலாற நடையும் கொடுத்துப் பார்த்தாங்களா? பல்லு, முதுகு, சேணம் பொருந்துதான்னு யாராவது பார்த்தாங்களா? ரேஸ் குதிரைகளுக்கு வயித்துப் புண் சகஜம். நிஜமாவே சரிப்படாத குதிரையும் உண்டு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஏறினவனைப் பரிசோதிக்கணுமா இல்லையா?

என்னைப் பரிசோதிச்சது ஒரு குதிரைக்காரர். "சார், அதைத் திட்டாதீங்க. நீங்க மொதல்ல அதோட வாயைப் பிடிச்சுத் தொங்குறதை விடுங்க"ன்னார். சுருக்குனு இருந்தது. நண்பனை வீடியோ எடுக்கச் சொல்லிப் பார்த்தா... சோபாவுல சாய்ஞ்சு டிவி பாக்கிற போஸ்! காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே கோட்டுல இருக்கணும்னு சொல்வாங்க. என்னோடது நாலும் நாலு ஊர்ல இருந்தது.

வியன்னாவுல ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல்ல புதுசா சேர்றவங்களை அங்கவடியும் லகானும் இல்லாம, நீளக் கயித்துல சுத்துற குதிரை மேல மாசக்கணக்குல உட்கார வைப்பாங்க. இங்க? பத்தாவது கிளாஸ்ல கேண்டர், இருபதாவதுல ஜம்ப். "காசு கொடுத்து வட்டம் சுத்தவா வர்றோம்?"னு நாமளும் கேட்கிறோம், அவங்களும் விற்கிறாங்க. ரேஸ்ல தோத்து, சல்லிக் காசுக்கு வாங்கப்பட்ட ஆஸ்திரேலியக் குதிரைதான் நெவில் பார்டோஸ். பாய்ட் மார்ட்டின் அதுல ஏறி 2010ல் கென்டக்கி உலகப் போட்டிக்கே போனார். அடுத்த வருஷம் லாயம் தீப்பிடிச்சுப் பிழைச்ச குதிரை, அதே வருஷம் பர்லியில் ஏழாவது இடம். அதையும் யாராவது ஒருத்தர் முதல்ல பைத்தியம்னு சொல்லியிருப்பாங்க, எனக்கு சந்தேகமே இல்லை.

நான் இப்ப கயித்துல சுத்திட்டு இருக்கேன், ரெண்டு மாசமா. போன வாரம் டிராட்ல இருந்து, லகானைத் தொடாம, மூச்சை விட்டு இடுப்பை மட்டும் நிறுத்தினேன். 'பைத்தியம்' நாலு அடியில நடைக்கு வந்து, காதை ஒரு பக்கமாத் திருப்பி என்னைப் பார்த்துச்சு. குதிரைக்காரர் ஒண்ணும் சொல்லலை, பீடியைப் பத்த வெச்சுக்கிட்டார். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மறுபடி அங்கவடி இல்லாத கிளாஸ். தொடை இப்பவே வலிக்குது.