மே மாசத்துல ஹாஸ்டலைப் பூட்டாதீங்க சாமி!

மே மாசம் பிறந்தா நம்ம செல்போனுக்கு ரெண்டு அழைப்பு தவறாம வந்துடும். ஒண்ணு கல்யாணப் பத்திரிகை. இன்னொண்ணு "முன்னாள் விடுதி மாணவர்கள் சந்திப்பு". முதல் வகைக்குப் போய் மொய் எழுதிட்டு, சாப்பிட்டுட்டு வந்துடலாம். ரெண்டாவது வகையைப் பத்தித்தான் கொஞ்சம் பேசணும். கொசுவத்தி சுத்துற பதிவுன்னு நினைச்சு யாரும் ஓடிடாதீங்க மக்கா. கொசுவத்தி கொஞ்சம் இருக்கும், ஆனா விஷயம் வேற :-)

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன், கீரமங்கலம் பக்கம். எங்க பக்கத்துப் பசங்களுக்குக் காலேஜுன்னா ஒண்ணு புதுக்கோட்டை மன்னர் கல்லூரி, இல்லேன்னா பஸ் ஏறித் திருச்சி. திருச்சின்னு முடிவாச்சுன்னா அப்பாமாரு முதல்ல கேக்குறது, "சாமியார் ஹாஸ்டல்ல எடம் கிடைக்குமா?"ன்னுதான். எந்த மதத்துக்காரரா இருந்தாலும் கேள்வி அதே கேள்விதான். மணி அடிச்சு எழுப்புவாங்க, மணி அடிச்சுப் படிக்க வைப்பாங்க, ராத்திரி ஃபாதர் ரூம் ரூமா வந்து எட்டிப் பார்ப்பாரு. பெத்தவங்களுக்கு இதைவிட என்ன வேணும்? அப்படி ஒரு கத்தோலிக்க விடுதியில மூணு வருஷம் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். எந்த விடுதின்னு கேக்காதீங்க. நான் சொல்லப்போறது ஒரு விடுதிக்கு மட்டும் இல்ல.

இந்த மாதிரி விடுதின்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்றவர் அப்துல் கலாம். 1844-ல் நாகப்பட்டினத்துல ஆரம்பிச்சு 1883-ல் திருச்சிக்கு இடம் மாறின செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரியில 1950-லிருந்து 1954 வரை படிச்சார். தங்கினது அங்கே விடுதியிலதான். அந்த நாட்களைப் பத்தி 'அக்னிச் சிறகுகள்'ல எழுதியிருக்கார். அறைத் தோழர்கள் ரெண்டு பேர்: ஒருத்தர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், இன்னொருத்தர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். மூணாவது வருஷத்துல இவர் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளர். ராமேஸ்வரத்து முஸ்லிம் பையன், கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்துற விடுதியில, சைவ மெஸ் செக்ரட்டரி! இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் கர்வமாவும் இருக்கும்.

அதே கல்லூரியில அவர்கூடப் படிச்ச சுஜாதாவுக்கு ஸ்ரீரங்கத்துல வீடு, பக்கத்துலயே. வெளியூர்ப் பையனுக்கு அந்த வசதி இல்ல. அவனுக்கு விடுதிதான் வீடு. காலேஜ் நண்பனுக்கு நம்ம மார்க் தெரியும். ஹாஸ்டல் நண்பனுக்கு நம்ம பசி தெரியும். எவன் வீட்லேருந்து மணியார்டர் லேட்டா வரும், எவன் ஞாயித்துக்கிழமை கறிக்காக வாரம் பூரா காத்திருப்பான், எவன் ராத்திரி போர்வைக்குள்ள அழுவான்னு தெரியும். அதனாலதான் முப்பது வருஷம் கழிச்சும் "எந்த டிபார்ட்மென்ட்?"னு கேக்கறதுக்கு முன்னாடி "எந்த ரூம்?"னு கேக்குறோம். இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. அமெரிக்காவுல நோட்ர டேம்னு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒண்ணு, 1842-ல் ஆரம்பிச்சது. அங்கேயும் படிச்சு முடிச்சவங்க எந்த விடுதியில இருந்தோம்னுதான் முதல்ல பெருமை அடிச்சுக்குவாங்களாம்.

இந்தப் பாசம் வெறும் பேச்சு இல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் அடிச்சப்போ எங்க பக்கம் கரண்டு இல்ல, டவர் இல்ல, ரோடு முழுக்க மரம். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடுன்னு தென்னையும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. அப்போ எங்க ஹாஸ்டல் வாட்ஸப் குரூப்புதான் ஓடி வந்துச்சு. சென்னையில ஒருத்தன் தார்ப்பாய் வாங்க, கோயமுத்தூர்ல ஒருத்தன் ஜெனரேட்டர் பிடிக்க, திருச்சியில இருந்தவன் வண்டி ஏற்பாடு பண்ண, மூணாம் நாள் சாமான் ஊருக்குள்ள வந்துடுச்சு. தலைவர் இல்ல, தீர்மானம் இல்ல, போட்டோ இல்ல. அரசு நிவாரணத்துக்கு ரேஷன் கார்டைத் தேடிக்கிட்டு இருந்தப்போ, "டேய், உன் வீடு எந்தத் தெரு?"ன்னு மட்டும் கேட்டு வந்தவங்க அவங்க.

சரி, இப்படிப்பட்ட கூட்டம் மே மாசச் சந்திப்புல என்ன பண்ணுது? காலையில திருப்பலி, அப்புறம் குரூப் போட்டோ, பொன்னாடை, பழைய வார்டனுக்கு நினைவுப் பரிசு, மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி "நம்ம விடுதிக்கு ஏதாவது செய்யணும்டா"ன்னு ஒரு குரல். அந்த 'ஏதாவது' என்னவா ஆகும்? நுழைவாயில் வளைவா ஆகும். இல்லேன்னா கெபிக்கு டைல்ஸ், இல்லேன்னா கிரானைட் கல்வெட்டு. கல்வெட்டுல கொடுத்தவங்க பேரெல்லாம் தங்க நிறத்துல.

இவங்க நல்லவங்க இல்லேன்னு நான் சொல்லல. புயலுக்கு ஓடி வந்த அதே ஆளுங்கதான். என் புகார் மாசத்து மேல. மே மாசம் விடுதி காலி. பசங்க யாரும் இல்ல. கட்டில் எல்லாம் சுவரோரமா சாத்தி வச்சிருக்கும். காலிக் கட்டடத்துக்குள்ள நின்னு சுத்திப் பார்த்தா கட்டடத்தோட குறைதான் கண்ணுல படும். சுண்ணாம்பு உதிர்ந்திருக்கு, கேட் துருப்பிடிச்சிருக்கு. அதுக்குப் பணம் கொடுக்கத் தோணும். அதே கூட்டம் ஜூலையில வந்தா, மெஸ் பில் கட்ட முடியாம மத்தியானச் சாப்பாட்டை விடுறவன் கண்ணுல படுவான். நாம பார்க்கிற நேரம் எதுவோ, நம்ம தர்மமும் அதுக்குத்தான் போகும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. விடுதி மே மாசம் நிஜமாவே காலியாகணுமா?

எங்க மாவட்டத்தைத் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். வற்றாத ஆறுன்னு எங்களுக்கு ஒண்ணு கிடையாது. வெள்ளாறும் அக்னியாறும் மழை பெய்ஞ்சாதான் ஆறு. கண்மாயும் குளமும்தான் பல ஊருக்கு விவசாயம். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தப்போ பொம்பளைங்க ராத்திரி வகுப்புல எழுத்துப் படிச்சாங்க, சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அந்தத் தாய்மாரோட பிள்ளைங்களும் பேரப்பிள்ளைங்களும்தான் திருச்சி விடுதிகளுக்குப் பெட்டி தூக்கிட்டு வந்தாங்க. அதுல பல பேருக்கு வீட்ல படிக்கத் தனி மூலை கிடையாது. கோடையில அந்தப் பையனுக்கு ரெண்டே வழி. ஊருக்குப் போய் கூலிக்குப் போகணும், இல்லேன்னா திருச்சியிலயே ஜவுளிக்கடை, ஓட்டல், ஜெராக்ஸ் கடைன்னு வேலைக்கு நிக்கணும். ரெண்டாவது வழியில போறவனுக்குத் தங்க இடம் வேணும். ஹாஸ்டல் பூட்டு. என் ரூம்மேட் ஒருத்தன் ஒரு மே மாசம் முழுக்க ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்துல, சூடு தாங்காம, பேப்பர் கட்டைத் தலைக்கு வச்சுப் படுத்தான்.

அடுத்த வருஷம் கதை வேற மாதிரி ஆச்சு. எங்க ஃபாதர் ஒருத்தர், "ஆறு பேர் இருந்துக்கங்கடா, தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தணும்"னு ஒரே நிபந்தனையோட ஒரு ஹாலைத் திறந்து விட்டார். மெஸ் இல்ல. நாங்களே கஞ்சி காய்ச்சிக்கிட்டோம், ஊறுகாய், சுட்ட அப்பளம். பகல்ல அவனவன் வேலைக்குப் போவான். சாயங்காலம் காவிரிக்குப் போனா தண்ணிய விட மணல்தான் ஜாஸ்தி. ராத்திரி மொட்டை மாடியில பாய். ஃபாதர் இங்கிலீஷ் பேப்பரோட வந்து உக்காருவார். ஆளுக்கு ஒரு செய்தி சத்தமா படிக்கணும், தப்பா படிச்சா திரும்பப் படிக்கணும். ஒன்பது மாசம் கிளாஸ்ல வராத இங்கிலீஷ் அந்த ஐம்பது நாள்ல எங்களுக்கு வாய்க்கு வந்துச்சு. பின்னாடி இன்டர்வியூல வாய் திறக்க முடிஞ்சதுக்குக் காரணம் அந்த மொட்டை மாடிதான்.

"ஏன்யா, எல்லா ஹாஸ்டலும் இப்படித் திறந்து விட்டா என்ன?"ன்னு கேட்டா, வார்டன் பக்கமும் நியாயம் இருக்கு. சமையக்காரருக்கும் குடும்பம் இருக்கு, அவருக்கும் லீவு வேணும். வெள்ளையடிக்க, டாங்க் கழுவ, ஒயரிங் மாத்த அந்த ரெண்டு மாசம்தான் கிடைக்கும். ஃபாதர்மாரும் வருஷத் தியானத்துக்குப் போகணும். பொறுப்பான ஆள் இல்லாம பசங்களை மட்டும் விட்டு வைக்க யாருக்கு தைரியம் வரும்? எல்லாத்துக்கும் மேல மெஸ் கணக்கு.

ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு 'டிவைடிங் சிஸ்டம்' தெரியும். மளிகை, காய்கறி, கேஸ், சம்பளம் எல்லாத்தையும் மாசக் கடைசியில கூட்டி, சாப்பிட்ட ஆளுங்க கணக்கால வகுப்பாங்க. அரிசி, காய்கறி செலவு ஆளைப் பொறுத்துக் கூடும், குறையும். சம்பளம் அப்படிக் குறையாது. ஒரு பேச்சுக்கு 300 பசங்க, நாலு சமையக்காரங்க, ஆளுக்கு 15,000 சம்பளம்னு வச்சுக்குவோம். மொத்தம் 60,000, தலைக்கு 200 ரூபாய். மே மாசம் 30 பேர்தான் இருக்காங்க, ரெண்டு சமையக்காரங்க போதும்னு வச்சாலும் சம்பளம் 30,000. தலைக்கு 1,000! அஞ்சு மடங்கு. கூலிக்குப் போய் ஃபீஸ் சேர்க்கிற பையன் தலையில இதைக் கட்ட முடியுமா? அதான் பூட்டிடறாங்க. கல் மனசுக்காரங்க இல்ல, கணக்கு அப்படி.

அப்போ ஓட்டை எங்கேன்னு தெரிஞ்சு போச்சு இல்லையா? சம்பளக் கணக்குலதான் ஓட்டை. அதை அடைக்கத்தான் நாம இருக்கோம். அதே கணக்குல ரெண்டு மாசச் சம்பளம் 60,000 ரூபாய். 120 பேர் ஆளுக்கு 500 போட்டா முடிஞ்சது. பையன் தான் சாப்பிடற அரிசிக்கும் காய்கறிக்கும் மட்டும் கொடுப்பான், மத்தவங்க தர்மத்துல சாப்பிடறோம்கிற கூச்சமும் இருக்காது. ஒரு நுழைவாயில் வளைவு கட்டுற காசுல எத்தனை கோடையை ஓட்டலாம்னு நீங்களே போட்டுப் பாருங்க.

என் யோசனை மூணுதான்.

ஒண்ணு, சந்திப்பை மே மாசத்துலேருந்து ஜூலைக்கு மாத்துங்க. துபாய், சிங்கப்பூர் மக்களுக்கு லீவு கஷ்டம்தான், தெரியும். அவங்க மே மாசத்துல வீட்ல கூடிக்கட்டும். ஹாஸ்டலுக்குப் போறது பசங்க இருக்கிற நாள்ல இருக்கணும். தனிப் பந்தி வேண்டாம், அவங்களோட ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும்.

ரெண்டு, மொத்த விடுதியையும் திறக்க வேண்டாம், ஒரு பகுதியை மட்டும் கோடையில திறந்து வைங்க. வெள்ளையடிக்கிற வேலை மத்தப் பகுதியில நடக்கட்டும். ராத்திரிப் பொறுப்புக்கு, திருச்சியிலயே இருக்கிற பழைய மாணவர் வாரம் ஒருத்தரா முறை போட்டு வந்து தங்கட்டும். முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறுற வயசுதான், பரவாயில்ல, ஏறுங்க :-)

மூணு, அப்படித் தங்க வர்றவங்க சும்மா தூங்கிட்டுப் போக வேண்டாம். பேங்குல இருக்கிறவன் பேங்க் பரிட்சையைப் பத்திச் சொல்லட்டும், வாத்தியார் கணக்கு சொல்லட்டும், கடை வச்சிருக்கிறவன் கடை வைக்கிறதைச் சொல்லட்டும்.

இதெல்லாம் நான் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. 1973-ல் ஸ்பெயின்ல வாலென்சியா நகரத்துல இயேசு சபைப் பள்ளிகள்ல படிச்ச பழைய மாணவர்கள் கூட்டம் நடந்துச்சு. சபையோட உலகத் தலைவர் பெத்ரோ அருப்பே பேச வந்தார். வந்தவங்க எதிர்பார்த்தது பாராட்டு. அவர் பேசினது வேற. உங்களை நீதிக்காக உழைக்கிறவங்களா வளர்த்தோமான்னு எங்களையே கேட்டுக்கிட்டா, இல்லேன்னுதான் நேர்மையா பதில் சொல்லணும்னு வெளிப்படையா சொன்னார். பிறருக்காக வாழற மனுஷங்களை உருவாக்கறதுதான் இனி எங்க கல்வியோட நோக்கம்னார். அந்தக் கூட்டத்துல பல பேருக்குக் கோபமாம். கோபம் வராம இருக்குமா? பொன்னாடைக்கு வந்த இடத்துல பாடம் நடத்தினா? ஆனா இன்னிக்கு உலகம் முழுக்க இயேசு சபைக் கல்லூரிகள்ல சொல்லிக்கொடுக்கிற வாசகம் அந்தப் பேச்சுலேருந்து வந்ததுதான்.

கஜாவுல விழுந்த தோப்புல மறுபடி வச்ச நாட்டுத் தென்னை, காய்க்கவே ஆறேழு வருஷம் எடுத்துக்கும். புயல் அன்னைக்கு ஆறாவது, ஏழாவது படிச்சுக்கிட்டு இருந்த பசங்க இப்போ காலேஜ் வாசல்ல நிக்கிறாங்க. அவங்க வீட்டு வருமானம் இன்னும் முழுசா எழுந்திருக்கல. அதுல சில பேர் இந்தக் கோடையிலயும் திருச்சியில ஏதோ ஒரு கடையில படுத்துத் தூங்குவாங்க, கொஞ்ச தூரத்துலயே 300 கட்டில் சும்மா கிடக்கும்.

நம்ம பதிவர்கள்ல பாளையங்கோட்டை சேவியர்ஸ்காரங்க, சென்னை லயோலாக்காரங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்க விடுதியில கோடைக்கு என்ன ஏற்பாடு, யார் சம்பளம் கொடுக்கிறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. நல்ல ஏற்பாடு எங்கயாவது நடந்தா அப்படியே காப்பி அடிச்சுக்கலாம், ஹாஸ்டல்காரனுக்கு அது புதுசா என்ன :-)

டிஸ்கி: கல்வெட்டுல பேர் போட்டே ஆகணும்னு அடம் பிடிக்கிற அண்ணாச்சிமாருக்கு ஒரு வழி இருக்கு. மெஸ்ல தினமும் என்ன சாப்பாடுன்னு கரும்பலகையில எழுதுவாங்க இல்ல? அதுக்குக் கீழே "இன்றைய சமையல் கூலி: இன்னார்"னு சாக்பீஸ்ல எழுதச் சொல்லுங்க. மறுநாள் அழிஞ்சிடும். ஆனா 30 பேர் சாப்பிட்டுக்கிட்டே படிச்சிருப்பான்.