மண்டியிட்ட பதக்கமும் நிமிர்ந்து நின்ற அட்டையும்

அடிமைத்தனத்தை ஒழித்தது யார்? இங்கிலாந்தின் தர்மவான்கள் ஒழித்தார்கள், கனவான்களின் இதயம் இளகியது, அடிமைகளின் விலங்கு கழன்றது என்று பூர்ஷ்வா சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். இதற்கு அத்தாட்சியாக ஒரு பதக்கத்தையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தப் பதக்கத்தை நாமும் கையில் வாங்கிப் பார்ப்போம்.

1787-ல் லண்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்க ஒரு சங்கம் ஏற்பட்டது. சங்கத்துக்கு ஒரு முத்திரை வேண்டுமல்லவா? ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் முதலாளி தமது ஆலையில் அதைப் பதக்கமாகச் செய்து கொடுத்தார். வெள்ளைப் பீங்கானில் ஒரு கறுப்பு மனிதன். கையிலும் காலிலும் சங்கிலி. ஒரு காலை மண்டியிட்டு, கூப்பிய கைகளை உயர்த்தி மேலே பார்க்கிறான். அவனைச் சுற்றி ஒரு வாசகம்: "நான் ஒரு மனிதன் அல்லவா? உமது சகோதரன் அல்லவா?"

முதலாளி இவற்றைச் சொந்தச் செலவில் செய்து இலவசமாக வழங்கினார். 1788-ல் கப்பலேற்றி அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் அனுப்பினார். சீமாட்டிகள் அதைக் கைவளையில் பதித்தார்கள், கொண்டை ஊசியில் வைத்துக் கொண்டார்கள். சீமான்கள் பொடி டப்பியின் மூடியில் தங்கத்தில் இழைத்துக் கொண்டார்கள். விருந்துக்குப் போகிற சீமாட்டியின் கையில் சங்கிலி பூட்டிய அடிமை! தேநீரில் அவள் போட்டுக் கலக்கிய சர்க்கரையோ, அதே அடிமை கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி பட்டு விளைவித்தது.

வெட்ஜ்வுட்டின் எண்ணம் பொய்யானது என்று நாம் சொல்லவில்லை. அடிமை வியாபாரத்தை அவர் மெய்யாகவே வெறுத்தார். ஆனால் அவருடைய ஆலைக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். 1769-ல் அவர் திறந்த எட்ரூரியா ஆலையில் மணி அடித்தால் வேலை, மணி அடித்தால் சாப்பாடு. மீறினால் அபராதம். மில் தோழர்களுக்கு இந்த மணி புதிதல்ல! தவறே செய்யாத யந்திரங்களாகத் தம் ஆட்களை மாற்ற வேண்டும் என்று அதே ஆண்டில் அவர் கடிதம் எழுதினார். 1783-ல் தானிய விலை ஏறி, பசி தாங்காத ஜனங்கள் அந்த ஆலையருகே கால்வாயில் போன உணவுப் படகைப் பிடித்துப் பங்கிட்டார்கள். பட்டாளம் வந்தது. ஒருவர் தூக்கில் தொங்கினார். கலகம் செய்யாதீர்கள் என்று வெட்ஜ்வுட் இளைஞர்களுக்குப் பிரசுரம் போட்டார். கடல் கடந்த தோட்டத்தில் மண்டியிட்டவன் சகோதரன். வாசலில் சோறு கேட்டவன் கலகக்காரன்!

சரி, மண்டியிட்டதால் விடுதலை வந்ததா? 1791-ல் ஹெய்ட்டி அடிமைகள் ஆயுதம் எடுத்தார்கள். 1804-ல் பிரெஞ்சு எஜமானர்களை விரட்டிச் சுதந்திர நாடு கண்டார்கள். 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமெய்க்காவில் சாமுவேல் ஷார்ப்பின் தலைமையில் பல்லாயிரம் அடிமைகள் வேலை செய்ய மறுத்தார்கள். தோட்டங்கள் எரிந்தன. 300-க்கு மேற்பட்டவர்களைச் சர்க்கார் கொன்றது; ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 1833-ல், பிரிட்டிஷ் பார்லிமெண்டில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. இதயம் இளகிய நேரத்தைப் பார்த்தீர்களா?

அந்தச் சட்டம் 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? அடிமைக்கல்ல, அவனை வைத்திருந்த எஜமானனுக்கு! அதற்காக வாங்கிய கடனின் பாக்கியைப் பிரிட்டிஷ் சர்க்கார் 2015-ல்தான் தீர்த்தது. அடிமைக்கு ஒரு செப்புக் காசும் இல்லை. "தொழில் பழகுநர்" என்று பெயரை மாற்றி 1838 வரை பழைய எஜமானனுக்கே கூலியின்றி உழைக்க வைத்தார்கள். தோட்டங்களுக்கு ஆள் போதாமல் போனபோது எங்கே வந்தார்கள்? நம் நாட்டுக்குத்தான். தமிழ்க் கிராமங்களிலிருந்து மொரீஷியசுக்கும், பிறகு நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரைக் கப்பலேற்றினார்கள். அவர்களுக்காக எந்தச் சீமாட்டியும் கொண்டை ஊசி செய்து கொள்ளவில்லை.

இனி அட்டையின் கதைக்கு வருவோம். இது நடந்தது அமெரிக்காவில், மெம்பிஸ் நகரத்தில். பதக்கம் பிறந்து 181 ஆண்டுகள் கழிந்து விட்டன.

அந்த நகரத்தில் குப்பை அள்ளியவர்கள் அநேகமாக எல்லோரும் கறுப்புத் தொழிலாளர்கள். ஓட்டைத் தொட்டிகளைத் தலையிலும் தோளிலும் சுமப்பார்கள்; அழுகல் நீர் உடம்பெல்லாம் வழியும். முழு நேரம் உழைத்தும் பலருக்கு ஏழை உதவிப் பணம் பெறும் அளவுக்குத்தான் சம்பளம். அறுபது வயதுக் கிழவரையும் வெள்ளை அதிகாரி "ஏ பையா!" என்றுதான் கூப்பிடுவான். அந்த அழைப்பு எப்படிச் சுடும் என்பதைப் பண்ணையாள் தோழருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1963-ல் சங்கம் வைக்கப் பார்த்த 33 பேரை நகர ஆட்சி வேலையிலிருந்து விரட்டியது.

1968 பிப்ரவரி 1. கொட்டுகிற மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் மழைக்குக் குப்பை லாரியின் வயிற்றுக்குள் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் பழைய யந்திரம் திடீரென்று தானே ஓடியது. இருவரும் நசுங்கிச் செத்தார்கள். குடும்பங்களுக்குக் கிடைத்தது ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும்தான். அந்த நாட்களிலேதான், மழையைக் காரணம் காட்டி 22 கறுப்புச் சாக்கடைத் தொழிலாளர்களை இரண்டு மணி நேரக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளை மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் முழுச் சம்பளம்!

பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. மேயர் ஹென்றி லோப் வேலை நிறுத்தம் சட்ட விரோதம் என்றார், கருங்காலிகளைக் கொண்டு வந்தார். 23-ந் தேதி ஊர்வலத்தின் மீது போலீசார் கண்ணெரிக்கும் திரவத்தைப் பீய்ச்சினார்கள். நகரத்தின் பெரிய பத்திரிகை எப்படி நடந்து கொண்டது தெரியுமா? ஹாம்போன் என்ற கறுப்புக் கோமாளியின் கேலிச் சித்திரத்தை வருஷக் கணக்காகப் போட்டு வந்த பத்திரிகை அது. வேலை நிறுத்தத்தின்போதும் போட்டது. ஜனங்கள் கடைவீதியைப் பகிஷ்கரித்தார்கள், பத்திரிகையையும் பகிஷ்கரித்தார்கள். அந்த ஆண்டே ஹாம்போன் மறைந்தான்.

மார்ச் 28 ஊர்வலத்துக்காகக் கிளேபார்ன் தேவாலயத்தில் அட்டைகள் அச்சாயின. படம் இல்லை, அலங்காரம் இல்லை. தடித்த பெரிய எழுத்தில் "ஐ ஆம் எ மேன்" என்ற நாலே நாலு சொல். 'ஆம்' என்பதன் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? "நான் மனிதன்தான்" என்று அந்தத் 'தான்' போட்டுத்தான் சொல்ல வேண்டும். பதக்கத்தில் இருந்த கேள்விக்குறி இதில் இல்லை. 'அல்லவா' போயிற்று, மண்டியும் போயிற்று. தொழிலாளி எழுந்து நின்று அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தான். அவனுக்குப் பின்னால் ஆறு வாரமாக அள்ளாத குப்பை மலை மலையாகக் கிடந்தது. வெறும் அட்டைக்கு மேயர் பயந்திருக்க மாட்டார்!

அன்று போலீஸ் தடியால் அடித்தது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றது. மறுநாள் ராணுவத்தின் துப்பாக்கி முனைகளுக்குப் பக்கத்திலேயே அதே அட்டைகளோடு தொழிலாளர்கள் வரிசையாக நடந்தார்கள். இவர்களுக்கு ஆதரவாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 8-ல் அவருடைய மனைவி கொரெட்டாவின் தலைமையில் பல்லாயிரம் பேர் மௌனமாக நடந்தார்கள். ஏப்ரல் 16-ல், 65 நாட்களுக்குப் பின், நகர ஆட்சி சங்கத்தை அங்கீகரித்தது. மணிக்கு 10 சென்ட், பிறகு 5 சென்ட் என்று இரண்டு தவணையில் கூலி உயர்ந்தது.

இன்னொரு செய்தி. அந்த அட்டைகளை ஏந்தி நின்ற வரிசையை உலகத்துக்குக் காட்டிய புகழ்பெற்ற புகைப்படத்தை எடுத்தவர் எர்னஸ்ட் விதர்ஸ். அவர் எப்.பி.ஐ. என்ற ரகசியப் போலீசுக்குத் தகவல் கொடுத்து வந்தவர் என்று 2010-ல் அம்பலமாயிற்று. சர்க்கார் அந்த வரிசைக்குள்ளேயே கண் வைத்திருந்தது.

இப்போது அந்த அட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலை போகிறது. பனியனில் அச்சாகி விற்பனையாகிறது. வாசகத்தை வைத்துக் கொண்டார்கள்; சங்கம், சந்தா, மணிக்கு 15 சென்ட் ஆகியவற்றை வெட்டி எறிந்து விட்டார்கள். கிங்கின் பிறந்த நாளில் "கனவு" பற்றிப் பேசுகிற கனவான்களில் எத்தனை பேர், அவர் குப்பைத் தொழிலாளரின் வேலை நிறுத்தத்துக்குப் போன இடத்தில் செத்தார் என்று சொல்லுகிறார்கள்? இதுவும் பழைய கொண்டை ஊசி வியாபாரம்தான்.

மெம்பிஸ் போராளிகளுக்கு நகராட்சி ஓய்வூதியம் இல்லை. அதனால் அவர்களில் ஒருவர் 80 வயது கடந்த பின்னும் குப்பை லாரியோடு போய்க் கொண்டிருந்தார். 2017-ல்தான் நகர ஆட்சி, உயிரோடு மிஞ்சியிருந்த சிலருக்குத் தலைக்கு 70,000 டாலர் கொடுக்க இசைந்தது. வேலை நிறுத்தம் நடந்து அப்போது 49 ஆண்டுகள் ஆகியிருந்தன.