பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துக்கள்

ஏலக்காய் தரம் பார்க்க நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய் எது, கீழே விழுகிற காய் எது என்பதெல்லாம் போடியில் அத்துப்படி. ஆனால், மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் என்ன படித்தவர் என்று கேட்க மட்டும் நமக்கு நாக்கு எழாது. "அதெல்லாம் கேட்டா மரியாதையா இருக்குமா?" என்போம்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மருமகளுக்குத் தலையில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். சீட்டும் கையுமாக வந்தார். "ஏந்தாயி, இம்புட்டு எழுத்துப் போட்டிருக்கே, இதுல மூளை ஆபரேஷன் படிப்பு எது?" என்றார். நியாயமான கேள்விதானே!

எம்.பி.பி.எஸ். என்பது பயிற்சி டாக்டராக இருக்கும் ஒரு வருடத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். அப்புறம் பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். 3 வருடம். அதற்கும் மேலே நியூரோ சர்ஜரியில் எம்.சி.எச். இன்னொரு 3 வருடம். ஆக, பதினொன்றரை வருடப் படிப்பு! இதற்குச் சமமாகத் தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டமும் உண்டு. முன்பு டி.என்.பி. என்றார்கள், இப்போது டி.ஆர்.என்.பி. என்கிறார்கள். டி.எம். நியூராலஜி என்று இருந்தால் அவர் மருந்து கொடுத்து வைத்தியம் பார்க்கும் நரம்பு டாக்டர். ஆபரேஷன் செய்பவர் வேறு.

பெரியம்மாவின் சீட்டில் இருந்தது டி.எம்.தான். ஆபரேஷன் செய்யப் போகிறவர் பெயரே அதில் இல்லை. மறுநாள் போய்க் கேட்டார். முகம் சுளிக்காமல் பெயரையும் படிப்பையும் எழுதிக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் மூளை அறுவை நிபுணர்களுக்கென்றே 1940 முதல் தனி வாரியம் இருக்கிறது. படிப்பு முடிந்த பிறகும், தாம் செய்த ஆபரேஷன்களின் கணக்கைக் காட்டி, வாய்மொழித் தேர்விலும் தேறினால்தான் சான்றிதழ். நம் நாட்டில் பட்டமும் மருத்துவக் கவுன்சில் பதிவும்தான் அத்தாட்சி. பதிவு எண்ணை கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், ரசீதிலும் போட வேண்டும் என்று 2002-ம் வருட விதிமுறை சொல்கிறது. தனிப்படிப்பு இல்லாதவர் அந்தத் துறை நிபுணர் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது.

சென்னையில் டாக்டர் டி.எஸ். கனகா 1968-ல் இந்த எம்.சி.எச். பட்டம் வாங்கினார். ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர் என்று போற்றப்பட்டவர். அத்தனை வருடம் உழைத்து வாங்கிய பட்டத்தைப் பற்றி நாம் கேட்பது அவமரியாதை ஆகுமா, சொல்லுங்கள்?

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். போடிமெட்டு ரோட்டில் ஜீப் கவிழ்ந்து தலையில் அடிபட்டால், எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிஷமும் உயிர்.

நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: கத்தி எடுக்கப் போகிறவர் யார்? அவர் படிப்பும் பதிவு எண்ணும் என்ன? இந்த மாதிரி ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறார்? பதிலை ஒரு தாளில் குறித்து, சீட்டோடு சேர்த்து வையுங்கள். அவசரமில்லை என்றால் இன்னொரு நிபுணரிடமும் அந்தச் சீட்டைக் காட்டிக் கேட்பதில் தப்பே இல்லை.