பக்கவாட்டில் ஓர் எண்

மணிமுத்தாறு என்றதும் அணையும் அருவியும் மாஞ்சோலைக்கு ஏறும் சாலையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு ஒரு கணக்கும் சேர்ந்து வருகிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 9ஆவது பட்டாலியன் இருப்பது அங்கேதான். அணிவகுப்பில் கிழக்கு நோக்கி நிற்கும் காவலர் ஒருவர் இருமுறை இடப்பக்கம் திரும்பினால் மேற்கு நோக்கி நிற்பார். கிழக்கை 1 என்றும் மேற்கைக் குறை 1 என்றும் கொள்வோம். குறை 1ஆல் பெருக்குவது நேர் எதிராகத் திரும்புவது. அதன் வர்க்கமூலம், இருமுறை செய்தால் அந்தத் திருப்பத்தைத் தருவது. அதாவது ஓர் இடப்பக்கத் திருப்பம். வலப்பக்கமாக இருமுறை திரும்பினாலும் மேற்குதான். ஆகவே மூலங்கள் இரண்டு. இதில் கற்பனை எங்கே இருக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் அக்கா மகள், மெய்ப்பகுதி 3, கற்பனைப்பகுதி 4 உள்ள கலப்பெண்ணின் வர்க்கமூலத்தைச் சூத்திரத்தால் நொடியில் சொன்னாள்: 2, 1. அல்லது குறை 2, குறை 1. ஏன் என்று கேட்டேன். “சூத்திரம் அப்படித்தான் மாமா” என்றாள்.

தாளில் கிழக்கே 3, வடக்கே 4 குறிக்கச் சொன்னேன். தொலைவு 5, கிழக்கிலிருந்து திருப்பம் ஏறத்தாழ 53 பாகை. தொலைவுக்கு வர்க்கமூலம், திருப்பத்தில் பாதி. அங்கே போய் நின்றால் கிழக்கே 2, வடக்கே 1. சரி, இன்னொரு மூலம்? ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டு அதே திசையில் நிற்பவரின் திருப்பம் 413 பாகை. அதில் பாதி எடுத்தால் நேர் எதிர்த்திசை. அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தானாகவே வேறோர் எண்ணைக் குறித்தாள்.

குறை எண்ணுக்கு வர்க்கமூலமே இல்லை என்று 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் எழுதினார். இத்தாலியின் பொம்பெல்லி 1572இல் அதை வைத்துக் கணக்கே போட்டார். ஆனால் அதைத் திசையாக வரைந்து 1797இல் டேனிய அறிவியல் கழகத்துக்கு அளித்த வெஸ்ஸல் ஒரு நில அளவைக்காரர். வியப்பில்லை, திசையும் தூரமும்தானே அவர் பிழைப்பு!

“கற்பனை” என்ற பெயர் 1637இல் தேக்கார்த்து வைத்தது. 1831இல் காவுஸ் அதை மறுத்து, பக்கவாட்டு அலகு என்றிருந்தால் இத்தனை இருள் சூழ்ந்திராது என்றார். கலப்பெண் என்று நாமும் சிக்கலெண் என்று ஈழத்தாரும் ஆளுக்கொரு சொல் ஆக்கிக்கொண்டோம். அந்த உரிமையோடு காவுஸின் சொல்லையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். பாடநூலில் சூத்திரத்துக்கு முன்னால் ஒரு படமும், “கற்பனைப்பகுதி” என்ற இடத்தில் “பக்கப்பகுதி” என்ற சொல்லும் இருந்தால் எனக்குப் போதும்.