விருப்பப் பட்டியலை யார் எழுதுவது?

நாயுடுபேட்டையில் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்டர் முடித்ததும், பெற்றோர் முதலில் யோசனை கேட்பது சென்னையிலுள்ள மாமாவிடமோ சித்தப்பாவிடமோதான். "கட்-ஆஃப் எவ்வளவு?" என்பார் அவர். தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குக் கணக்கிட்டு இடம் தருகிறார்கள். இங்கே ஆந்திராவில் ஈஏபிசெட் எழுதி, ரேங்க் வந்தபின், கல்லூரியையும் பாடப்பிரிவையும் நாமே வரிசைப்படுத்தித் தரவேண்டும். மாமாவின் கணக்கு இங்கே உதவாது.

என் மகள் விஷயத்தில் நான் செய்த தவறு இது. தெலுங்கு வாசிக்கத் தடுமாறும் நான், பட்டியலை ஓர் இன்டர்நெட் கடைக்காரரிடம் விட்டுவிட்டேன். (கட்டணத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.) அவர் பக்கத்திலுள்ள கல்லூரியை முதலில் போட்டார்; அதுவே கிடைத்தது. மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்ப்பதே இல்லை. அவள் ஆசைப்பட்ட திருப்பதிக் கல்லூரி ஏழாவது வரியில் இருந்தது. அவளைவிடப் பின்தங்கிய ரேங்க் எடுத்த தோழி அங்கே சேர்ந்தாள். மகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது.

பட்டியலைப் பிள்ளைதான் எழுதவேண்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ரேங்க் வெளியானதும் வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் ஓர் இடம் ஒதுக்கித் தரட்டும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளே விளக்கிச் சொல்வார்கள். என் மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.