'ஐஸ் வேணும்' என அடம்பிடிக்கும் குட்டீஸ்... சாயம் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம் பழக் குச்சி ஐஸ்!

பங்குனி முடிவதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்னும் கத்திரி வேறு பாக்கி இருக்கிறது. பள்ளிக்கு விடுமுறை விட்டாச்சு. மதியம் மூணு மணிக்குத் தெருமுனையில் 'டிங் டிங்' என்று மணிச்சத்தம் கேட்டால் போதும், தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகூட எழுந்து வாசலுக்கு ஓடிவிடும். ஆரஞ்சு, பச்சை, ரோஸ் எனக் கலர் கலராக ஐஸ். சாப்பிட்டு முடித்ததும் நாக்கை நீட்டிக் காட்டினால், நாக்கும் அதே கலரில் இருக்கும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அம்மாக்களுக்கு அதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும் விஷயம்.

'ஐஸே கூடாது' என்று சொல்லிப் பிள்ளைகளை அழவிடத் தேவையில்லை. கோடையில் மலிவாகக் கிடைக்கும் பழங்களும், வீட்டு ஃப்ரிட்ஜும், நாலு எவர்சில்வர் டம்ளரும் இருந்தால் போதும்.

வெளியே வாங்கும் ஐஸில் என்ன பிரச்னை?

முதல் பிரச்னை தண்ணீர். 'உறைஞ்சு போச்சுன்னா கிருமியெல்லாம் செத்துடும்' என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. குளிர் பெரும்பாலான கிருமிகளை முடக்கி வைக்குமே தவிர, எல்லாவற்றையும் கொல்லாது. டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்றவற்றைப் பரப்பும் கிருமிகள் அசுத்தமான தண்ணீர் வழியாக வருபவை. அந்தத் தண்ணீரில் ஐஸ் செய்தால், ஐஸ் கரையும்போது கிருமியும் வயிற்றுக்குள் போகும்.

மீன், காய்கறி போன்றவற்றைக் கெடாமல் வைப்பதற்காகத் தயாரிக்கும் ஐஸ் கட்டி வேறு, நாம் சாப்பிடும் ஐஸ் வேறு. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே, சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அறிவுறுத்தியது. சர்பத் கடையிலோ கரும்புச் சாறு கடையிலோ நீல நிறக் கட்டியைப் பார்த்தால், ஐஸ் போடாமல் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது பிரச்னை சாயம். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கலாம். துணிக்குப் போடும் ரோடமைன்-பி என்ற சாயம் அதில் கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்ததே காரணம். எல்லாக் குச்சி ஐஸிலும் அந்தச் சாயம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால், கண்ணைப் பறிக்கும் ரோஸ் கலரில் லேபிள் இல்லாத எதுவும் பிள்ளையின் கைக்கு வரும்போது ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

வண்டிக்காரரைக் கோபித்தும் பயனில்லை. பெரும்பாலும் அவரும் வேறு இடத்தில் வாங்கி வந்து விற்பவர்தான். எந்தத் தண்ணீர், எந்தக் கலர் என்பது அவருக்கே தெரியாது. வீட்டில் செய்யும்போது இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

கல் மாதிரி ஆகிறதே, ஏன்?

வீட்டில் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டவர்கள் சொல்லும் புகார் இது. 'ஜூஸை ஊத்தி வச்சேன், கடிக்கவே முடியலை, உறிஞ்சினா ஜூஸ் மட்டும் வந்துட்டு வெள்ளைக் கட்டியா நிக்குது.'

காரணம் எளிது. ஃப்ரீசரில் முதலில் உறைவது தண்ணீர். அது மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய படிகங்களாகும். சர்க்கரையும் பழக்கூழும் படிகங்களுக்கு நடுவே ஒதுங்கிவிடும். அதனால்தான் உறிஞ்சியதும் இனிப்பு மட்டும் வெளியே வந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க நாலு வழிகள்:

● ஜூஸாக வடிகட்டாமல் பழக்கூழாகவே ஊற்றுங்கள். கூழில் உள்ள நார், படிகம் பெரிதாவதைத் தடுக்கும்.

● கொஞ்சமாவது இனிப்பு வேண்டும். சர்க்கரை கரைந்த தண்ணீர் முழுக்க இறுகாது, அதனால் கடிக்க வரும். ஆனால் அளவுக்கு மீறினால் ஐஸ் உறையவே உறையாது.

● சின்ன அச்சில் ஊற்றுங்கள். எவர்சில்வர் டம்ளர் பிளாஸ்டிக்கைவிட வேகமாகக் குளிரைக் கடத்தும். கண்ணாடி டம்ளர் வேண்டவே வேண்டாம், விரிசல் விடும்.

● கலவையை முதலில் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துக் குளிரவிட்டு, பிறகு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். எனவே, ஊற்றும் முன் ருசி பார்க்கும்போது ஜூஸைவிட ஒரு சுற்று தூக்கலாக இருந்தால் சரியாக இருக்கும். சர்க்கரையைக் கூட்டுவதற்கு முன் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள். இனிப்பு எடுத்துக் கொடுக்கும்.

1. மாம்பழக் குச்சி ஐஸ்

தேவையானவை: நன்கு பழுத்த மாம்பழம் - 2 (நடுத்தர அளவு), சர்க்கரை அல்லது நாட்டுச் சர்க்கரை - 2 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு - 1 டீஸ்பூன், உப்பு - ஒரு சிட்டிகை, காய்ச்சி ஆறிய தண்ணீர் - கால் கப்.

செய்முறை: பழத்தைத் தோல் சீவி நறுக்கி, மற்றப் பொருள்களுடன் மிக்ஸியில் மைய அரைக்கவும். டம்ளர்களில் முக்கால் பாகம் ஊற்றவும். உறையும்போது கலவை உப்பும் என்பதால் விளிம்பு வரை ஊற்ற வேண்டாம். மேலே அலுமினிய ஃபாயிலால் மூடி, நடுவில் கத்தியால் கீறி, குச்சியைச் செருகவும். ஃபாயில் பிடித்துக்கொள்வதால் குச்சி சாயாது. 6 முதல் 8 மணி நேரம் வைத்து எடுக்கவும்.

பங்கனப்பள்ளி, இமாம் பசந்த் போன்ற நாரில்லாத ரகங்கள் இதற்கு ஏற்றவை. நார்ப்பழம்தான் இருக்கிறது என்றால் அரைத்து வடிகட்டிக்கொள்ளலாம். இந்த அளவில் சுமார் 6 ஐஸ் வரும். ஓர் ஐஸுக்கு நாம் சேர்க்கும் சர்க்கரை ஒரு டீஸ்பூன்தான்.

2. தர்பூசணி சுரண்டல் ஐஸ்

தர்பூசணியில் 90 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர். குச்சி ஐஸாகச் செய்தால் கல்லாகிவிடும். அதற்குச் சுரண்டல்தான் வழி.

விதை நீக்கிய 4 கப் துண்டுகளை, 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சைச் சாறு, நாலு புதினா இலை சேர்த்து அரைக்கவும். அகலமான எவர்சில்வர் தட்டில் அரை அங்குல உயரத்துக்கு ஊற்றி ஃப்ரீசரில் வைக்கவும். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்து, ஃபோர்க்கால் ஓரத்திலிருந்து சுரண்டிக் கலந்துவிடவும். பிறகு அரை மணிக்கு ஒருமுறை மூன்று தடவை இப்படிச் செய்தால், பூத்துருவல் போல உதிர் உதிராக ஐஸ் தயார். கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிடலாம்.

3. நுங்கு இளநீர் ஐஸ்

8 இளநுங்கைத் தோலுரித்து, பாதியைப் பொடியாக நறுக்கவும். மீதியை, ஓர் இளநீரின் வழுக்கையுடன் சேர்த்து அரைக்கவும். இளநீர் ஒரு கப், பனங்கற்கண்டுப் பொடி 2 டேபிள்ஸ்பூன், ஏலக்காய்த்தூள் ஒரு சிட்டிகை சேர்த்துக் கலந்து, நறுக்கிய நுங்கையும் போட்டு அச்சில் ஊற்றவும். வழுக்கையைச் சேர்க்காவிட்டால் இளநீர் பாறையாக இறுகிவிடும். அதை விட்டுவிடாதீர்கள்.

4. பன்னீர் திராட்சை ஐஸ்

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை கிடைத்தால் பிரமாதம். உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசவும். அரை கிலோ பழத்தை, அரை கப் தண்ணீர், 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரையுடன் வேகவைக்கவும். தோல் பிரிந்து நிறம் இறங்கியதும், ஆறவிட்டுக் கரண்டியால் மசித்து வடிகட்டவும். மிக்ஸியில் போட வேண்டாம், விதை உடைந்தால் கசக்கும். சாயமே இல்லாமல் கருநீலத்தில் வரும் இந்த ஐஸ். பிள்ளைகள் நாக்கை நீட்டிக் காட்டிக்கொள்ளவும் வசதி!

5. வாழைப்பழ 'ஐஸ்கிரீம்'

பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். நன்றாகக் கனிந்த மோரிஸ் அல்லது பச்சை வாழைப்பழம் மூன்றை வட்டமாக நறுக்கி, தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி, இரவு முழுக்க ஃப்ரீசரில் வைக்கவும். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் கழித்து, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டவும். முதலில் பொடியாகும், பிறகு கட்டியாகும், கடைசியில் ஐஸ்கிரீம் போலத் திரண்டு வரும். தொடர்ந்து ஓட்டினால் மிக்ஸி சூடாகி, பழமும் உருகிவிடும். தோல் கறுத்துப்போய் யாரும் தொடாத பழத்தைத் தீர்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

பால் சேர்க்கலாமா?

மாம்பழம், சப்போட்டா, வாழை ஆகியவற்றுடன் பால் ஒத்துப்போகும். அன்னாசி, பப்பாளி இரண்டும் ஒத்துப்போகாது. அவற்றில் உள்ள நொதிகள் பால் புரதத்தை உடைப்பதால், கொஞ்ச நேரத்தில் கசப்பு தட்டும். அன்னாசியில் பால் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், பழத்தைச் சர்க்கரையுடன் நன்கு கொதிக்கவைத்து ஆறவிட்ட பிறகு சேர்க்கவும்.

ஃப்ரீசர் சரியில்லையா?

அடிக்கடி கரன்ட் போகும் வீட்டிலும், பழைய ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் வீட்டிலும் ஐஸ் பாதிதான் உறையும். அதற்குக் குல்ஃபிக்காரர்களின் பழைய வழி இருக்கிறது. மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு. உப்பு சேர்ந்ததும் ஐஸ் உருகத் தொடங்கி, சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சும். வெறும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியில் நிற்கும். உப்பு சேர்ந்த ஐஸ் மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கக்கூடியது.

பழக்கூழைச் சின்ன ஜிப் கவரில் ஊற்றி இறுக மூடி, இன்னொரு கவருக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அதை ஐஸும் உப்பும் நிறைந்த பெரிய கவருக்குள் வைத்து, பத்து பதினைந்து நிமிடம் குலுக்கினால் கூழ் உறைந்துவிடும். விடுமுறையில் பிள்ளைகளுக்கு இது ஓர் அறிவியல் பாடமும்கூட. ஆனால் வெறும் கையால் பிடிக்கக் கூடாது, குளிரே தோலைச் சுட்டுவிடும். தடிமனான துண்டைச் சுற்றிக் கொடுங்கள். கவரைத் திறக்கும் முன் வெளியே ஒட்டியிருக்கும் உப்புத் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள்.

யாருக்கு, எவ்வளவு?

● ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தேன் கலந்த எதையும் தரக் கூடாது.

● ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முழுத் திராட்சையை உறையவைத்துத் தர வேண்டாம். தொண்டையில் சிக்கும். நீளவாக்கில் நறுக்கியே பழக்குங்கள். குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடவிடவும் கூடாது.

● வெளியே சேர்க்கும் சர்க்கரை, தேன், ஜூஸில் உள்ள இனிப்பு எல்லாம் சேர்த்து, ஒரு நாளைக்கு எடுக்கும் கலோரியில் 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதையும் 5 சதவிகிதமாக, அதாவது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. அது ஆறு டீஸ்பூன்தான். வீட்டில் செய்தது என்பதற்காக நாலு ஐஸ் கணக்கில் வராமல் போகாது.

● சர்க்கரை நோயாளிகளுக்கு: உறையவைப்பதால் பழத்தின் சர்க்கரை குறையாது. மாம்பழம், சப்போட்டாவைவிட, இனிப்பு சேர்க்காத எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா நல்ல தேர்வு. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

● சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். தாத்தா பாட்டிக்கு நுங்கு இளநீர் ஐஸை நீட்டும் முன் இதை யோசியுங்கள்.

● வெயிலில் மயங்கி விழுந்தவருக்கோ வயிற்றுப்போக்கு உள்ளவருக்கோ ஐஸ் மருந்தாகாது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ் கரைசல், மயக்கத்துக்கு உடனே மருத்துவமனை.

செய்யும் முன்... செய்த பின்...

● காய்ச்சி ஆறிய தண்ணீர்தான். டம்ளர், குச்சி, மிக்ஸி ஜார் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும். குச்சியை வெந்நீரில் போட்டு எடுத்துக் காயவைக்கவும். குச்சி இல்லையா? சின்ன ஸ்பூனைச் செருகுங்கள்.

● ஐஸை வெளியே எடுக்க டம்ளரைக் குழாய்த் தண்ணீரில் இருபது விநாடி காட்டினால் போதும். எவர்சில்வர் டம்ளரை நேராக வாயில் வைக்கவிடாதீர்கள், உதடு ஒட்டிக்கொள்ளும்.

● ஃப்ரீசரில் மீன், இறைச்சி வைப்பவர்கள் ஐஸை மூடி போட்ட டப்பாவில் தனியாக வைக்கவும். வாசனையும் ஏறாது, கிருமியும் பரவாது. இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

● கரன்ட் போய் முழுக்க உருகிவிட்டால் மறுபடி உறையவைக்க வேண்டாம். பால் சேர்த்தது என்றால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

முதல் தடவை மாம்பழத்தில் தொடங்குங்கள், அதில்தான் தவறு நடக்க வாய்ப்பு குறைவு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளையே கூப்பிட்டு அரைத்ததை ஊற்றச் சொல்லுங்கள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே ஃப்ரீசர் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அப்போது மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். காலை டிபன் முடித்த பிறகுதான் ஐஸ்!