மோதிரத்தில் படக்கூடாத க்ரீம்!

“கல்யாணத்துக்கு ஒரு மாசம்தான் இருக்கு, பொண்ணு கொஞ்சம் மாநிறம்...” என்று யாராவது இழுத்தால் போதும், பக்கத்து வீட்டு அக்கா ஒரு சின்ன டப்பாவை நீட்டுவாள். “பத்தே நாள்ல பளிச்சுன்னு ஆயிடுவே!” ஆவதும் உண்டு. எப்படி?

இப்படிப்பட்ட பல டப்பாக்களில் அந்த வேலையைச் செய்வது பாதரசம்! தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதை அது தடுக்கிறது. ஆனால் முகத்தோடு நின்றுவிடாது. தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது.

கேரளத்தில், மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் டாக்டர்கள் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான வகை. துருவித் துருவிக் கேட்டதில், அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள்! பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது.

கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அம்மாவின் கன்னத்தைத் தடவிய விரலைக் குழந்தை அப்படியே வாயில் வைத்துக்கொள்ளுமே! பிஞ்சு மூளைக்கும் நரம்புக்கும் பாதரசம் பொல்லாத விஷம். கர்ப்பிணிகளும் தொடவே கூடாது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மெர்க்குரி, காலமெல், மெர்க்குரஸ் குளோரைடு என்று எது இருந்தாலும் வேண்டாம். “தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்” என்று போட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே? மோதிரத்துக்கு ஆகாதது முகத்துக்கு மட்டும் ஆகுமா, என்ன! தயாரித்தவர் விலாசமோ, கலந்த பொருள்களின் பட்டியலோ இல்லாத டப்பாவை வாங்கவே வாங்காதீர்கள். முகப்பூச்சில் தவறிக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்கின்றன நம் நாட்டின் 2020-ம் வருட விதிகள். கள்ளத்தனமாக வரும் சரக்குக்கு விதியாவது ஒன்றாவது!

ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். கால் வீங்குகிறதா, சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகிறதா? தாமதிக்காமல் டாக்டரிடம் போய்ச் சிறுநீரைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். போகும்போது டப்பாவையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு க்ரீம் விஷயத்தை மறைத்துவிடாதீர்கள்; சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.